அடிவிளிம்பு

என் கணவன் டெஸ்ஸுக்கு மூச்சு இழுப்பது, நாங்கள் வீடாக வைத்திருக்கும் கேரவன் வண்டிக்குள் மட்டும்தான் என்பது எங்களுக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. ஆற்றின் கழிமுகத்தில் காலை முழுக்கத் தூண்டில் போட்டு நிற்பான், எதிர்க்காற்றில்கூட ஒன்றும் ஆகாது. உள்ளே வந்து கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்தால் போதும், நெஞ்சுக்குள் யாரோ விசிலை வைத்துத் தைத்துவிட்டது போலச் சத்தம் வரும். கரும்புக் கொல்லைகளில் தீ வைக்கும் மாதங்கள் என்பதால் புகைதான் காரணம் என்று நாங்களாகவே முடிவுகட்டி வைத்திருந்தோம்.

பக்கத்து ஊரான பண்டபெர்க்கில் டாக்டர் அவன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "எங்க தூங்குறீங்க?" என்றார்.

"கேரவன்ல."

"மெத்தையத் தூக்கிப் பாத்திருக்கீங்களா?"

அன்று மத்தியானம் தூக்கிப் பார்த்தேன். டெஸ் படுக்கும் பக்கத்துச் சுவரில், மெத்தை மறைத்திருந்த உயரம் வரை, கரும்பூஞ்சை ஒரு வரைபடம் போலப் படர்ந்திருந்தது. விரலால் அழுத்தினேன். டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி பலகை உள்ளே போயிற்று.

மகள் டாம்சின் தொலைபேசியில் அதைக் கேட்டதும் அழவில்லை, கத்தவும் இல்லை. அவள் கணக்கு வாத்தியார். "நவம்பர் கடைசி ஞாயிறு வர்றேன்மா. பின்கட்டு அறையக் காலி பண்ணியாச்சு. அப்பாவோட தூண்டில் வைக்கவும் இடம் இருக்கு" என்றாள்.

"உன் டூவூம்பா மலைமேல எந்தக் கடல்ல போடறது அந்தத் தூண்டில?"

"அம்மா. அவரால மூச்சு விட முடியல."

 நான் பேரம் பேசினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே ஈரம் அளக்கும் மீட்டரை அந்தச் சுவரில் குத்திப் பார்க்கட்டும். பதினைந்து சதவீதத்துக்கு மேல் காட்டினால் சாவியை நானே அவள் கையில் கொடுத்துவிடுவேன், கேரவனை உடைப்பவனுக்கு விற்றுவிட்டு டெஸ்ஸைக் கூட்டிக்கொண்டு மலைமேல் போய்விடுவேன். பதினைந்தோ அதற்குக் கீழோ என்றால் அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

"சத்தியமா?" என்றாள்.

"சத்தியமா."

மீட்டரை வாங்கிவந்து குத்திப் பார்த்தேன். முப்பத்து நாலு. கையில் ஆறு வாரம் இருந்தது.

டெஸ்ஸின் படுக்கையை வெளியே, முன்பந்தலின் துணிச்சுவருக்குள் ஒரு மடக்குக் கட்டிலில் போட்டேன். அவன் மறுக்கவில்லை. "ஏழு வருஷத்துல மொத தடவயா கட்டில் முழுக்க எனக்கு" என்றான். மூச்சுமருந்துக் குப்பியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் அதையும் சொன்னான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஷெப்பர்ட்டனில் பழம் டின்னில் அடைக்கும் ஆலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். ஓடுகிற பட்டையில் வரும் டின்களின் மூடி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் பீச் பழம் புளித்துப்போகும். ஈரம் தெரிந்தால் அடை. அதைத் தவிர வேறு எதையும் என் கைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பின்னும் நான் சிலிக்கோன் பசை பிழியும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கேரவனைச் சுற்றி வருவேன். மூலைப் பட்டைகள், ஜன்னல் ஓரங்கள், கூரைச் சாளரம், விளக்குகள் எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெள்ளையாக நான் பிழிந்தது இருக்கும். பழையதன் மேல் புதியது, புதியதன் மேல் இன்னும் புதியது.

முதல் வாரமும் அதைத்தான் செய்தேன். ஐந்து குழாய் தீர்ந்தது. அந்தச் சனிக்கிழமை ஒரு மழை அடித்தது. மறுநாள் மீட்டர் முப்பத்தாறு காட்டியது.

நாங்கள் இருக்கும் கேரவன் பார்க்கில் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரும் அவரவர் நாற்காலியையும் அவரவர் குடிக்கிறதையும் எடுத்துக்கொண்டு சமையல் கொட்டகைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். ஒருவன் வண்டியில் ஒரு கோளாறு என்றால் அங்கே பதினோரு வைத்தியர்கள் இருப்பார்கள். ஒரு வாரம் காத்தும் இறங்காததால், அடுத்த ஞாயிறு என் முப்பத்தாறு சபைக்கு வந்தது.

"ஜோஸ், உன் கேரவன்ல அலுமினியத்த விட சிலிக்கோன்தான் ஜாஸ்தி" என்றாள் பிரான். இருபது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், குரல் இன்னும் கடைசி சீட்டு வரை கேட்கும். "ஒரு நாள் அலுமினியம் துருப்பிடிச்சுப் போனாலும் உன் சிலிக்கோன் கேரவன் மாதிரியே நிக்கும் பாரு."

"அலுமினியம் துருப்பிடிக்காது" என்றேன்.

"பாத்தியா, அதுக்கும் பதில் வச்சிருக்கா."

"தூக்கத்துல என்னையும் ஒரு நாள் ஒட்டிடுவா" என்றான் டெஸ். "குறட்டை வெளிய வராம."

லிண்ட்சே மட்டும் சிரிக்கவில்லை. அவன் குளிர்பதனப் பெட்டி ரிப்பேர்க்காரன். ஓய்வு பெற்ற பிறகும் பார்க்கில் யார் வீட்டுப் பெட்டி முனகினாலும் காதைச் சாய்த்துக் கேட்பவன். பீரைக் கீழே வைத்துவிட்டு, "நீ தண்ணி எங்க தெரியுதோ அங்க அடைக்கிற. நாங்க வாயு கசிஞ்சா அப்படி அடைக்க மாட்டோம், ஏன்னா வாயு தெரியாது. உள்ள அழுத்தம் குடுத்து வெளிய சோப்புத் தண்ணி தடவுவோம். எங்க குமிழி வருதோ அங்கதான் ஓட்டை" என்றான்.

"இது கேரவன்யா, ஐஸ் பெட்டி இல்ல."

"பெரிய ஐஸ் பெட்டி. உள்ள ரெண்டு கிழங்க."

மறுநாள் அதைச் செய்தோம். பார்க்கில் இலை ஊதித் தள்ளும் மின்சார இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் வாயைக் கூரைச் சாளரத்தில் வைத்து, சுற்றிலும் அட்டையால் அடைத்து டேப் ஒட்டினோம். காஸ் அடுப்புக்கான காற்றுத் துளைகள், குளிர்பெட்டியின் பின்துவாரம், கைகழுவும் தொட்டியின் குழாய் எல்லாவற்றுக்கும் தற்காலிகமாக டேப். காற்றுத் துளைகளின் டேப்பை வேலை முடிந்ததும் எடுக்க மறந்தால் காஸில் செத்துப்போவோம் என்று லிண்ட்சே மூன்று முறை சொன்னான். மூன்றாவது தடவை பிரான் ஒரு சிவப்பு ரிப்பனைக் கொண்டுவந்து என் மணிக்கட்டில் கட்டினாள். "எல்லாத்தையும் எடுத்த பிறகு இதை அவுக்கலாம்."

லிண்ட்சே இயந்திரத்தை மெதுவான வேகத்தில் ஓடவிட்டான். கேரவன் மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. ஜன்னல்கள் ஒருமுறை மெல்ல முனகின. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிப்பான் பாட்டில்களில் ஊற்றி ஆளுக்கொன்று கொடுத்தோம். நாலு மணிக் கூட்டம் முழுவதும் ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் பீருமாக என் வீட்டைச் சுற்றி நடந்தது.

"இங்க ஒண்ணு!"

"அது உன் பீர் நுரைடா."

"இல்ல, நிஜமா. வந்து பாரு!"

கூரையின் முன்பக்கம், இடது மூலை. அங்கே ராத்திரி ஓட்டும்போது எரிய ஒரு சின்ன மஞ்சள் விளக்கு உண்டு. அதன் மேல் நான் கட்டிவைத்திருந்த சிலிக்கோன் மேட்டின் ஓரத்திலிருந்து குமிழிகள் பொங்கிப் பொங்கி வந்தன. பக்கத்தில் மூலைப் பட்டையின் நாலு திருகாணிகளைச் சுற்றிலும் அதே. நான் சிலிக்கோனை நகத்தால் பிடித்து இழுத்தேன். ஒரு பிடி தோல் மாதிரி அப்படியே கழன்று கையோடு வந்தது. எதிலும் அது ஒட்டியிருக்கவில்லை. பழைய சிலிக்கோன் மேல் புது சிலிக்கோன் ஒட்டாது என்று குழாயிலேயே எழுதியிருக்கிறதாம். எழுத்து அரிசி அளவு. நான் எப்போது அதைப் படித்தேன்?

ஆனால் அழுகிய சுவர் அந்த மூலையில் இல்லை. மூன்று மீட்டர் பின்னால், கீழே, கட்டிலோரம் இருந்தது. நான் பாட்டிலோடு அங்கே போய் ஜன்னலிலிருந்து தரைவரை தெளித்தேன். காத்திருந்தேன். ஒரு குமிழிகூட இல்லை.

"பாத்துக்கோ" என்றேன் பிரானிடம். "இது என் வேலை. ஒரு சொட்டு போகாது."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒரு சொட்டு போகாது. சுவரின் அடிவிளிம்பில்கூடக் குமிழி இல்லை. அலுமினியத் தகடு முடிந்து தரைச் சட்டம் ஆரம்பிக்கும் அந்தக் கோடு முழுக்க, கட்டைவிரல் மாதிரி தடியாக நான் பிழிந்த வெள்ளைக் கரை ஓடியது.

அது எப்போது என்பது ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ஜிம்பி பக்கம், மழை விட்ட காலை. அந்த விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "கசியுது!" என்று நான் பாயை விரித்துக் கேரவனுக்கடியில் நுழைந்துவிட்டேன். டெஸ் காப்பிக் கோப்பையோடு குனிந்து பார்த்து, "விடு ஜோஸ், வெளியதானே போகுது" என்றான். நான் அவனை மட்டம் தட்டினேன். பத்தொன்பது வருடம் யார் மூடி பார்த்தது என்று கேட்டேன். மூன்று குழாய் சிலிக்கோன், பாதி நாள், ஒரு சொட்டு இல்லாமல் அடைத்துவிட்டு வெளியே வந்தேன்.

தண்ணீர் மேலே விளக்கு வழியாக நுழைந்து, சுவருக்குள் சட்டத்தின் மேலேயே நடந்து வந்து, வெளியேற இருந்த ஒரே வாசலில் வந்து நின்றிருக்கிறது. வாசலைச் சாத்தியது நான்.

 பாயை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். பிளாஸ்டிக் சுரண்டியால் அந்தக் கரையைக் கிளறினேன். அது மட்டும் நன்றாகவே ஒட்டியிருந்தது, அதுதான் கொடுமை. ஒரு விரல் நீளம் பிய்ந்ததும் தண்ணீர் வந்தது. சொட்டாக அல்ல, ஒரு கோடாக, பழுப்பு நிறத்தில், என் கன்னத்தில் விழுந்து காதுக்குள் போயிற்று. மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"ஜோஸ்? என்ன ஆச்சு?" டெஸ்ஸின் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"டீ வேணுமா?"

"என்ன?"

"ரெண்டு வருஷமா ஊறுது. நல்ல ஸ்ட்ராங்கா இருக்கும்."

அவன் மண்டியிட்டுப் பார்த்தான். என் முகத்தையும் ஒழுகுவதையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ அன்னிக்குச் சொன்ன" என்றேன்.

"என்ன சொன்னேன்?"

"வெளியதானே போகுதுன்னு."

"இன்னொரு தடவ சொல்லு. பிரான், இங்க வா, சாட்சி வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அழுகல் நாற்றத்தில் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது, அந்தக் குப்பியை எடுத்து வாயில் வைத்தான். அதன் சீறலை நான் தரையில் படுத்தபடியே கேட்டேன். இந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் அவன் இரண்டு வருடம் தூங்கியிருக்கிறான். அதை அங்கே தேக்கிவைத்த நான் கட்டிலின் அந்தப் பக்கம் படுத்திருந்தேன்.

விளிம்பு முழுவதையும் அன்று இருட்டுவதற்குள் சுரண்டி எடுத்தேன். பிறகு காற்றுத் துளைகளின் டேப்பை ஒவ்வொன்றாக எடுத்து, ரிப்பனை அவிழ்த்து பிரானின் கையில் கொடுத்தேன்.

அடுத்த நாலு வாரம் நான் செய்ததெல்லாம் அடைப்பதற்கு நேர் எதிரான வேலை. உள்ளே பலகைச் சுவரை முழங்கால் உயரத்துக்கு அறுத்து எடுத்தேன். பின்னால் இருந்த சட்டங்களில் இரண்டு கரண்டியால் வழித்து எடுக்கும் பதத்தில் இருந்தன. லிண்ட்சேயின் ரம்பத்தால் அவற்றை வெட்டிப் புதியதை நுழைத்துத் திருகினேன். மிச்சத்துக்கு இரண்டு மின்விசிறிகள் பகலெல்லாம் ஊதின. வெளியே மேல்மூலையில் விளக்கைக் கழற்றி, மூலைப் பட்டையை முழு நீளத்துக்கும் எடுத்தேன். பட்டையைப் பிடித்திருந்த திருகாணிகளில் பாதி, திருப்பும்போதே துருவாக உதிர்ந்தன. ஏழு வருடச் சிலிக்கோனைச் சுரண்டுவதற்கு மட்டும் ஆறு நாள் ஆயிற்று. ஏணியில் நின்று, முதலில் பிளாஸ்டிக் சுரண்டி, பிறகு கட்டை விரல் நகம், பிறகு ஸ்பிரிட் நனைத்த துணி. அலுமினியம் கண்ணாடி மாதிரி ஆகும்வரை.

"பார்லர்ல எனக்குக்கூட இவ்வளவு தேய்க்க மாட்டாங்க" என்றாள் பிரான் ஏணியைப் பிடித்துக்கொண்டே.

"உனக்குத் தேய்ச்சா என்ன தெரியப்போகுது?"

"ஏணிய விட்டுடுவேன், பாத்துக்கோ."

பிறகு பட்டைக்கு அடியில் நாடாவாக வரும் கருப்புப் பிசினை ஒட்டினேன். அது எத்தனை வருடமானாலும் இறுகாது; வண்டி ஆடும்போது கூடவே ஆடிக் கொடுக்கும். அதன் மேல் பட்டையை வைத்து, துருப்பிடிக்காத புதுத் திருகாணிகளை நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பிசின் இரண்டு ஓரத்திலும் சமமாகப் பிதுங்கி வரவேண்டும். வராத இடத்தில் கழற்றி மறுபடி. பட்டையின் இரண்டாவது மீட்டர் நீளத்தில் மூன்று தடவை கழற்றினேன். விளக்குக்கும் அதே பிசின்தான். அடிவிளிம்பை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. அந்தத் திறந்த கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் கை அரித்தது.

மீட்டர் இறங்கியது. முப்பது. இருபத்து நாலு. இருபத்து நாலிலேயே ஐந்து நாள். பிறகு பத்தொன்பது.

ஒருநாள் காலை டெஸ் ரசமட்டத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தான். கேரவனை இம்மி பிசகாமல் மட்டமாக நிறுத்துவதில் இந்தப் பார்க்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மேஜையில் முட்டையை வைத்தால் நகராது. அதைப் புதிதாக வருபவர்களுக்கு வைத்துக் காட்டுவான்.

"கூரை தட்டு மாதிரி இருக்கு" என்றான். "மழை பெஞ்சா தண்ணி எங்க போறதுன்னு தெரியாம உன் மூலையிலதான் நிக்கும்."

"நிக்கட்டும். என் பிசின் தாங்கும்."

"தாங்கும். எதுக்கு அதச் சோதிக்கணும்?" எழுந்துபோய், வண்டியைத் தாங்கும் பின்பக்க வலது முட்டுக்காலை அவனே நாலு சுற்று இறக்கினான். மூச்சு வாங்கியது, ஆனால் விசில் இல்லை. திரும்பி வந்து மேஜையில் முட்டையை வைத்தான். அது உருண்டது. அவன் பிடிக்கவில்லை. நான்தான் பிடித்தேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு பளீரென்று வெயில். பத்து மணிக்கு டாம்சின் பின்னால் காலி டிரெய்லரோடு வந்து இறங்கினாள். அப்பாவை அணைத்துக்கொண்டு சற்று அதிக நேரம் விடாமல் இருந்தாள். காதால் அவன் நெஞ்சைக் கேட்கிறாள் என்று தெரிந்தது.

"மீட்டர் எங்க?"

கொடுத்தேன். புதுப் பலகை இன்னும் போடவில்லை, சட்டங்கள் வெளியே தெரிந்தன. அவள் ஐந்து இடத்தில் குத்திப் பார்த்தாள், ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னாள். பன்னிரண்டு. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினொன்று. பதின்மூன்று.

டெஸ் ஒரு பெருமூச்சு விட்டான். "முடிஞ்சுது. கெட்டிலப் போடு, ஜோஸ்."

டாம்சின் மீட்டரை என்னிடம் நீட்டினாள். முகத்தில் தோற்ற வருத்தம் இல்லை. நம்பலாமா என்ற கேள்விதான் இருந்தது. மூன்று வாரமாக மழையே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

நான் மீட்டரை வாங்கவில்லை.

"கையிலயே வச்சிரு" என்றேன். வெளியே போய் ரப்பர் குழாயை எடுத்தேன்.

"என்ன பண்ற?" டெஸ் பின்னாலேயே வந்தான். "ஜெயிச்சாச்சுடி! பதின்மூணு! பேசினது பதினஞ்சு!"

"வெயில்ல எந்தச் சுவரும் காஞ்சுதான் இருக்கும்."

"உனக்குப் பைத்தியம் முத்திடுச்சு. ஒழுகிச்சுன்னா?"

"ஒழுகிச்சுன்னா நீ அங்க படுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவன் ஓரமாக விலகி வழிவிட்டான்.

குழாயைத் திறந்தேன். கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும். மேலே ஊற்றினால் எது வழியாகப் போனது என்று தெரியாது. முதலில் ஜன்னலுக்குக் கீழே கால் மணி நேரம். பிறகு ஜன்னல். பிறகு பக்கச் சுவரின் மேல். கடைசியாக ஏணி வைத்து, முன்மூலையில், அந்த மஞ்சள் விளக்கின் மேல் குழாயைப் பிடித்து நின்றேன். தண்ணீர் கூரையில் விழுந்து, நிற்காமல், டெஸ் இறக்கிய மூலையைப் பார்த்து ஓடியது. கை மரத்தது. வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினேன். பிரானும் லிண்ட்சேயும் நாற்காலியோடு வந்துவிட்டார்கள், மணி நாலு ஆகவில்லை என்றாலும். யாரும் கேலி பேசவில்லை.

உள்ளிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டாம்சினின் குரல் வந்தது. வகுப்பில் வருகை எடுக்கும் குரல்.

"பன்னிரண்டு... பன்னிரண்டு... பதின்மூணு..."

"கடைசி?" என்று கத்தினேன்.

"பதின்மூணு!"

ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் குழாயை எடுக்கவில்லை. இன்னும் கால் மணி நேரம். கடைசியில் லிண்ட்சே தானே போய்க் குழாயை மூடினான். "ஆத்துல தண்ணி தீந்துரும், ஜோஸ்."

டாம்சின் வெளியே வந்தாள்.  முன்பந்தலிலிருந்து என் பாயை எடுத்துவந்து, ஈரப்புல்லில் விரித்து, தன் நல்ல சட்டையோடு கேரவனுக்கடியில் நுழைந்தாள். அவள் செருப்புகள் மட்டும் தெரிந்தன. அடிவிளிம்பு நெடுக அவள் விரல் நகரும் சத்தம் கேட்டது, முன்னாலிருந்து பின்னால்வரை, பின் மறுபடி.

"இது தெறந்துதானே இருக்கு?"

"ஆமா."

"வேணும்னே விட்டிருக்க?"

"ஆமா."

விரல் இன்னொரு முறை நெடுக நகர்ந்தது.

"ஒண்ணும் சொட்டலம்மா" என்றாள். "காஞ்சு கெடக்கு."

நான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நனைந்த சட்டைக்கைகளிலிருந்து தண்ணீர் விரல் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. டாம்சின் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, டிரெய்லரைப் பார்த்தாள். "காலியா திருப்பி இழுத்துட்டுப் போகணுமா அதை?"

"பழைய பலகை, அழுகின சட்டம், ஏழு வருஷ சிலிக்கோன், எல்லாம் இருக்கு" என்றாள் பிரான். "குப்பைமேடு போற வழியிலதான்."

டெஸ் இதையெல்லாம் கேட்க நிற்கவில்லை. முன்பந்தலுக்குள் போய் மடக்குக் கட்டிலை மடக்கினான். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினான். உள்ளே பலகையில்லாத சட்டங்களைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றதும், கையால் அவற்றைத் தடவியதும் வாசல் வழியாகத் தெரிந்தது.

"மெத்தை எப்ப போடுவ?" என்றான்.

"பலகை அடிச்சு, பெயிண்ட் காஞ்சதும். புதன்கிழமை."

"சரி." தலையணையைக் கட்டில் சட்டத்தின் மேலேயே வைத்தான். "சுவர்ப்பக்கம் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."